செவ்வாய்க்கிழமைச் சவரம்

ஆறு வருஷத்துத் தாடி மடியில் விரித்த துணிமேல் கிடந்தது. செத்த பெருச்சாளி போல இருக்கிறதே என்று மருதைக்குத் தோன்றியது. தொட்டுப் பார்க்கலாமென்று கை எழுந்தது, கை துணிக்கடியில் இருந்தது, விட்டுவிட்டார். கன்னத்தில் காற்றுப் பட்டதும் யாரோ அந்நிய ஆள் வந்து தொட்டதுபோலக் கூசியது. பின்னால் மகன் மோகன்ராஜ் கத்தரியையும் மிஷினையும் ஓரமாக வைத்துவிட்டு, கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றி நுரை கூட்டிக்கொண்டிருந்தான். முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்குள் கடை வாசல், காலையில் அவர் மனைவி வெள்ளையம்மா கட்டிய மாவிலை, வாசலுக்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் கலியனுடைய டீக்கடை, டீக்கடை பெஞ்சில் ஊர். ஊரேதான். வேலை உள்ளவன் இல்லாதவன் அத்தனை பேரும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், டீ ஆறிப்போனதுகூட ஒருத்தனுக்கும் தெரியவில்லை. கொஞ்சம் முன்னே கலியன் அங்கிருந்தே குரல் கொடுத்தான்: "யண்ணே, செவ்வாக்கெழமையில எந்த ஊர்லண்ணே சலூன் திறப்பாங்க?" பெஞ்சு சிரித்தது. அப்போதுதான் மருதைக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை. இந்தச் சீமையில் அன்றைக்கு எந்த முடிவெட்டுக் கடையும் திறக்காது, எந்த மனிதனும் முகத்தில் கத்தி வைக்கமாட்டான், பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். கடை திறக்க நாள் பார்த்தது மருதைதான். தினசரிக் காலண்டரில் வளர்பிறை பார்த்தார், யோகம் பார்த்தார், சூலம் பார்த்தார், ராகுகாலத்தைத் தள்ளினார், இத்தனையும் பார்த்தவர் கிழமையைப் பார்த்தும் பார்க்கவில்லை. ஆறு வருஷம் சலூன் வாசலை மிதிக்காதவனுக்குச் சலூனுக்கு லீவு என்றைக்கு என்று எப்படி ஞாபகம் இருக்கும். மகனும் திருச்சியில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் வேலை பழகினவன், அங்கே தீபாவளிக்கும் பூட்டுவதில்லை. "அதான் செவ்வாய்னு தெரிஞ்சுபோச்சே, நாளைக்கு வெச்சுக்கலாங்க" என்றாள் வெள்ளையம்மா, கற்பூரத் தட்டோடு நின்று. "சூடம் காட்டின கடையை மூடுறதா? நான்தான் போணி" என்று சொல்லி அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்காராமல் என்ன செய்வது. ஊர் எதற்குக் காத்திருக்கிறது என்று தெரியாதா. ஒருவன் கழுத்தைக் கிழித்த கை, இப்போது பெற்ற அப்பன் கழுத்துக்குக் கத்தி கொண்டுவரப் போகிறது. அந்தக் கழுத்து எள்ளளவு பின்வாங்கினால் போதும், பெத்தவனே பயப்படுறான் என்று பெஞ்சு எழுந்து போகும், அதற்குப் பிறகு இந்த நாற்காலியில் வேறு கழுத்து சாயாது, மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி எங்காவது போவான். ஆகவே அசையக்கூடாது. அவ்வளவுதான் இன்றைக்கு வேலை. அசையாமல் உட்காருவதெல்லாம் ஒரு வேலையா.

டக். மகன் ஒரு பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து வளைத்து உள்ளேயே இரண்டாக ஒடித்தான். பாதியை எடுத்துச் சவரக்கத்தியின் வாயில் செருகினான். சின்னச் சத்தம்தான். இதை முன்னே எங்கோ கேட்டிருக்கிறோமே என்று மனம் தேடிக்கொண்டு போனது. இலைக்காம்பு ஒடிகிற சத்தமா. இல்லை, அதில் ஈரம் இருக்கும். எரவாணத்து மூங்கில். அதுதான். ஓட்டுக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகிய இலைக்கத்தியை உருவினால் மூங்கில் இப்படித்தான் ஒரு டக் சொல்லும். அன்றைக்கும் சொன்னது. மருதை கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். கோழி கூவ எழுந்து வாழைத்தோப்பில் இலை அறுத்து, கட்டுக் கட்டி, மண்டிக்குச் சுமந்து போட்டுவிட்டு வந்த உடம்பு, சோறு தின்று மல்லாந்த உடம்பு. அந்த டக் தூக்கத்துக்குள் விழுந்தது, இலை நறுக்க எடுக்கிறார்கள் என்று தூக்கமே பதில் சொல்லிக்கொண்டது, புரண்டு படுத்தார். அவர் எழுந்தபோது ஆற்றுமணலில் எல்லாம் முடிந்திருந்தது. வாலிபால் ஆட்டத்தில் ஆரம்பித்த வாய்ச்சண்டை, எல்லார் முன்னாலும் மோகனுக்கு விழுந்த ஒரு அறை, அறை வாங்கினவன் வீட்டுக்கு ஓடிவந்து திரும்ப ஓடினது, தரகர் நடேசனுடைய மகன் ஜோதிவேலுக்கு இடது காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரைக்கும் ஒரு வெட்டு. ஜோதி பிழைத்தான்; திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான், கழுத்து மட்டும் இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. மோகனுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தது மருதைதான், அதை ஒரு பயலும் பேசமாட்டான். பேசுவதெல்லாம் அந்தத் தூக்கத்தைத்தான். சிறுவர்களை விசாரிக்கிற குழுமத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள், "அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்கப்பா?" "வீட்லதாங்க." "வீட்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?" "தூங்கிட்டிருந்தேங்க." அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடினாள். சொல்லியிருந்தால் தேவலாம், சொல்லாத வாய்க்கு எதை வைத்துப் பதில் சொல்வது. உள்ளே பேசினது வெளியே எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது, வக்கீல் குமாஸ்தா மேல் ஒரு சந்தேகம் உண்டு, அந்த ஆள் மேலும் ஒரு கோபம் பாக்கி நிற்கிறது. குழுமத்து வாசலில் நடேசன் நின்றார். துக்கத்தில் சவரம் மறந்துபோயிருந்த மருதையின் முகத்தைப் பார்த்து, பத்துப் பேர் காதில் விழ, "மகன் கத்தியை உருவுறான், அப்பன் கொறட்டை விடுறான். புள்ளைய வளக்கத் தெரியாதவன் தாடிய வளக்குறான் பாரு" என்றார். சரி, வளர்க்கிறேன் பார் என்று அன்றைக்கு விட்டதுதான் இந்தத் தாடி. மருதை மூன்றாவதுக்கு மேல் படித்ததில்லை, ஆனால் யார் எப்போது எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார் என்பதில் ஒரு எழுத்துப் பிசகாது. அடிபட்டவன் அப்பன் பேசத்தான் செய்வான் என்பாள் வெள்ளையம்மா. பேசட்டும். மகன் செய்தது தப்பு, அதை மருதை எங்கே இல்லையென்றார். அவனைத் திட்டு, என்னைத் திட்டு, என் குலத்தைத் திட்டு, உழைத்துவிட்டு வந்து ஒரு மனுஷன் கண்ணயர்ந்ததை எதற்கு இழுத்துத் தெருவில் போடுகிறாய். இந்த வாழைக்காட்டு ஊரில் எந்த வீட்டு எரவாணத்தில் கத்தி இல்லை. எந்த வீட்டு அப்பன் மத்தியானம் விழித்திருக்கிறான். உன் வீட்டில் நீ விழித்துக்கொண்டா இருந்தாய்.

நுரை குளிர்ச்சியாக ஏறியது. வலது கிருதாவில் கத்தி வைத்தான் மகன். வைத்ததும் தெரியவில்லை, இழுத்ததும்தான் தெரிந்தது, சர்ரென்று ஒரு கோடு. கண்ணாடிக்குள் பெஞ்சு முன்னுக்குக் குனிந்தது. "மருதை அண்ணே, உயில் எழுதியாச்சா?" என்று ஒரு வாலிபன் குரல், முடிதிருத்துகிறவன் காதில் விழும் என்று தெரிந்தே எறிந்த குரல். கத்தி ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தது. எழுதவேண்டுமென்றால் என்னடா இருக்கிறது, ஓட்டு வீடு ஒன்று, கோபம் ஒரு வண்டி. கோபத்தை வேண்டுமானால் உனக்கு எழுதி வைக்கிறேன் என்று சொல்ல நாக்கு வந்தது; வாயைச் சுற்றிக் கத்தி இருந்ததால் விழுங்கிக்கொண்டார். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியது. அதைப் பார்த்திருப்பார்களா. பயத்தில் எச்சில் விழுங்குகிறான் என்பார்களா. பயமா இது. மருதை தன்னையே கேட்டுப் பார்த்தார், கிணற்றுக்குள் குரல் கொடுத்தாற்போல ஒன்றும் தெளிவாகத் திரும்பி வரவில்லை. அந்த மூக்குக்கண்ணாடி அம்மா இன்னொன்றும் கேட்டாள், "பையன் யார்கூடப் பழகுறான், உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. தோப்பில் எந்தக் கன்று எந்தப் பட்டத்தில் ஈனும் என்று தெரியும், மகன் யாரோடு சிரிக்கிறான் என்று தெரியாது. ஜாமீனில் விட்டபோது, இனிமேல் பையன் உங்கள் பொறுப்பு, உங்கள் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். கண்காணிப்பு. தூங்கினவன் என்றுதானே சொன்னீர்கள், இந்தா பார் கண்காணிப்பு என்று மருதை வரிந்து கட்டினார். பகல் தூக்கத்தை விட்டார், மற்றவர்கள் சாராயத்தை விடுவதுபோல. தோப்புக்குப் போனால் மகன் வரப்பில் உட்கார வேண்டும். ஆற்றுக்குப் போனால் இவர் கரையில் நிற்பார். வாசலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டார். மருதை மகனை மேய்க்கிறான் என்று ஊர் பேசியது. மேய்த்தார். வெள்ளையம்மா கத்தியெல்லாம் அரிசிப் பானைக்குள் புதைத்தாள், அரிவாள்மணையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள், அந்த மாசங்களில் அவர்கள் வீட்டுக் குழம்பில் நறுக்கின காய் ஒன்று கிடையாது, வெங்காயத்தை அம்மியில் வைத்துக் குத்தித்தான் போட்டாள். மகன் அந்தக் குழம்பைப் பேசாமல் சாப்பிட்டான். எத்தனை பார்த்தாலும் அவன் முதுகுதான் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் மருதைக்குத் தலை துவண்டு துவண்டு விழுந்தது, எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த மகன் சொன்னான், "அப்பா, நீ தூங்குப்பா. நான் எங்கயும் போவல." "உன்னை நம்பித் தூங்குனது போதும்டா." அதுதான் அவர் சொன்னது. சொன்னபோது சரியாகத்தான் இருந்தது. அவன் முகத்தில் ஏதோ ஒன்று விளக்கை ஊதினாற்போல அணைந்தது, அப்படியே எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எங்கெங்கோ போகிற நினைப்பு கடைசியில் அந்தச் சுவரில் வந்து முட்டிக்கொள்ளும். நடேசன் சொன்னதுக்கு நூறு பதில் தயாராக இருக்கிறது. மகன் சொன்னதுக்குக் கொடுத்த அந்த ஒரு பதிலைத்தான் எப்படித் திரும்ப எடுப்பதென்று தெரியவில்லை.

வலது கன்னம் முடிந்தது. மகன் கத்தியில் ஒட்டின நுரையைக் காகிதத்தில் துடைத்தான், நரைமுடி உப்பும் மிளகும் போல அதில் ஒட்டியிருந்தது. விரலை நனைத்து அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தான். விரல் சூடாக இருந்தது. இந்த விரல்களைத் தீர்ப்புக்குப் பிறகு கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம்தான் பார்க்க முடிந்தது, இரண்டு வருஷத்துக்கு மேல், எங்கோ தள்ளி ஒரு ஊரில், மதில் வைத்த சிறுவர் இல்லத்தில். மனு போட்டு, பஸ் மாறி, வெள்ளையம்மா முறுக்கைத் துணியில் முடிந்து கொண்டுபோவாள், வாசலில் பிரித்துப் பார்ப்பார்கள், முறுக்குக்குள் என்ன ஒளிக்க முடியும் என்று அந்தக் காவலாளி மேலும் ஒரு கோபம் உண்டு. அங்கே தையல் சொல்லிக்கொடுத்தார்கள், வயரிங், முடிவெட்டு. மோகன் முடிவெட்டுக்குப் பெயர் கொடுத்தான். கத்திக் கேஸில் வந்தவன் கையில் கத்தரி கொடுப்பதா என்று பெரிய யோசனை நடந்ததாம். முடிவாக அவனுக்கு ஒரு சீப்பு மட்டும் கொடுத்தார்கள். ரொம்ப நாள் சீப்புதான். மற்றவர்கள் வெட்டுவார்கள், இவன் சீவி நிற்பான். "கோவம் வரலியாடா?" என்று கேட்டார் மருதை, அவருக்கு வந்ததனால். "சீப்பைக் குடுத்துட்டு ஒரு ஆளு பாத்துக்கிட்டே நிப்பாருப்பா. எனக்கு உன் ஞாபகம்தான் வரும்" என்றான் மகன், சிரித்தான், அந்தச் சிரிப்பை அவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு கத்தரி வந்தது, பிறகு விடுதலை வந்தது, பிறகு திருச்சியில் வேலை. ஊருக்கு வந்து கடை போடுகிறேன் என்றபோது பங்காளி வீரமலை வீட்டுப் படியேறி வந்தான். "நம்ம ஆளுங்க செய்யிற வேலையாண்ணே இது? சாதி சனம் காறித் துப்பாது?" வெள்ளையம்மா உள்ளே பாத்திரத்தை உருட்டினாள். மருதை வெற்றிலையை நிதானமாக மடித்தார். "வீரமலை, கழுத்தைக் கிழிக்கிறது நம்ம ஆளுங்க வேலையா? அன்னிக்கு நீ ஏன் வந்து கேக்கல?" வீரமலை செருப்பைத் தேடிக்கொண்டு போனான். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் காணும். போர்டு எழுதுகிற விஷயத்தில்தான் மகன் ஒரு வேலை செய்தான், 'வெள்ளையம்மாள் முடி திருத்தகம்' என்று எழுதி மாட்டிவிட்டான். பஸ் மாறிப் போனது இரண்டு பேரும்தான். இருக்கட்டும், அதையும் ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறார்.

"அப்பா, தலைய அந்தப் பக்கம் சாச்சுக்க." சாய்த்தார். கழுத்தின் இடது பக்கம் திறந்துகொண்டது. சாய்ந்த கண்ணுக்கு, கண்ணாடியின் ஓரத்தில், டீக்கடைத் தூணோரம் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. தோளில் துண்டு. அந்த நிற்கிற தோரணையை எங்கே பார்த்தாலும் தெரியும், குழுமத்து வாசலில் நின்ற அதே நிலை, ஒரு காலை முன்னே வைத்து, விலை படியாத வாழைத்தாரைப் பார்க்கிறாற்போல. நடேசன். எப்போது வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள், அவர் உட்காரவில்லை. வந்துவிட்டாயா, வா, நன்றாகப் பார் என்று மருதையின் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த அதே நேரம் கத்தி இடது காதுக்குக் கீழே வந்து, நின்றது. நுரைக்கு மேலே, தோலைத் தொடாமல், நின்றது. மகனும் கண்ணாடியில் பார்த்துவிட்டான். அந்த இடம். ஆரம்பித்த இடம். மருதைக்கு மகனுடைய மூச்சு கேட்டது, உள்ளே போனது, வெளியே வரவில்லை. கத்தி முனையில் ஒரு நடுக்கம், தோலுக்குத் தெரியாத, தோலுக்கு மேலே இருக்கிற ரோமத்துக்கு மட்டும் தெரிகிற நடுக்கம். இப்போது கழுத்து தானாகப் பின்னுக்குப் போகப் பார்த்தது. மருதை போகச் சொல்லவில்லை, கழுத்துக்குத் தனியாக ஒரு புத்தி இருந்தது, அதற்கு மகன் பேரன் தெரியாது, வெயிலும் இரும்பும்தான் தெரியும். ரோடு அமைதியாகிவிட்டது. ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை. ஆறு வருஷமும் இந்த ஒரு விரல் அகலத் தோலில் வந்து கூடிவிட்டாற்போல இருந்தது, அந்த டக், ஆற்றுமணல், மூடின பேனா, குத்தின வெங்காயம், சுவர்ப்பக்கம் திரும்பின முதுகு. அசையக்கூடாது என்று நினைத்திருந்தார். அசையாமல் இருந்தால் போதாது என்று இப்போது தெரிந்தது. மரம்கூட அசையாமல்தான் நிற்கிறது, வெட்டுப்படும்போதும். மருதை அசைந்தார். தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து, தாடையைத் தூக்கி, கழுத்தைக் கத்திக்குக் கிட்டே கொண்டுபோய்க் கொடுத்தார். அறுக்கிறவன் கைக்கு வாகாக இலையை வளைத்துக் கொடுப்பது போல. "ம்" என்றார், அவ்வளவுதான், வாய்க்குள். மகனுடைய மூச்சு வெளியே வந்து அவர் காதில் பட்டது. கத்தி தோலைத் தொட்டது, இறங்கியது, காதுக்குக் கீழிருந்து தொண்டை வரைக்கும், ஒரே இழுப்பு.

ஒன்றும் இல்லை. குளிர்ச்சி, பிறகு சூடு. இவ்வளவுதானா. இரண்டாவது இழுப்பு வந்தது, மூன்றாவது வந்தது, சருகு விழுந்த தோப்பில் தூறல் போடுகிறாற்போல ஒரு சத்தம், சரசரவென்று, காதுக்குப் பக்கத்திலேயே, இந்தச் சத்தத்தை அவர் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறார், தூறல் பிடித்துக்கொண்டால் இலை கிழியாது, தூசி போய்விடும், இலைக்கு நல்ல விலை. நடேசனைப் பார்க்கவேண்டும், நடேசன் முகம் இப்போது எப்படி இருக்கிறதென்று பார்க்கவேண்டும், ஆறு வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தானே, கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் கண்ணாடி இருக்கிறது. கண் திரும்பவில்லை. இமையில் யாரோ ஈரத்துணியைப் போட்டாற்போல இருந்தது. மகனுடைய விரல் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினால் தலை இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் போனது, யாருடைய தலையோ. இந்தப் பயலுக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் தலை துவளும், நெற்றியில் பத்துப் போடும்போது இப்படித்தான் தாடையைப் பிடிப்பது, பிடிப்பது யார், இவரா அவனா. வாசலுக்குக் குறுக்கே கட்டில் கிடந்தது. அதை எடுத்து ஓரமாகப் போடவேண்டும், ஆள் போக வர இடைஞ்சல். நடேசனுக்கு ஒரு பதில் இருந்தது, நல்ல பதில், வரிசையில் முதலாவது, அது என்ன, தாடியைப் பற்றி, தாடி மடியில் இருக்கிறது, பெருச்சாளி ஓடிவிடும், பிடி. மூங்கிலில் டக் என்று ஒரு சத்தம். யாரோ இலை நறுக்க எடுக்கிறார்கள். எடுக்கட்டும். நீ தூங்குப்பா, நான் எங்கயும் போவல. சரிடா. குருத்து பிரிகிறது, பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை, அதற்குள்

"யோவ்." தூரத்தில் ஒரு குரல். "யோவ் மருதை. தூங்குறதுக்கு வீட்ல எடமில்லையா ஒனக்கு?" மருதை கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் வழித்த முகத்தோடு ஒரு ஆள் வாயோரம் எச்சிலோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தானென்று தெரிய நேரம் பிடித்தது. மடியில் துணியை மாற்றியிருந்தார்கள், தாடியைக் காணோம். கடை வாசலை அடைத்துக்கொண்டு டீக்கடைப் பெஞ்சு முழுக்க நின்றது. கலியன் கிளாஸோடு முன்னால் நின்றான். "கொறட்டை எங் கடை வரைக்கும் கேட்டுதுண்ணே. பால் பொங்குதுன்னு நான் அடுப்பைப் போய்ப் பாக்கறேன்" என்றான். சிரித்தார்கள், ஆனால் அது காலையில் சிரித்த சிரிப்பு இல்லை, மருதைக்குச் சிரிப்பில் தரம் பிரிக்கத் தெரியும். வெள்ளையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றாள், சிரிக்கிறாளா வேறு எதுவுமா தெரியவில்லை. மகன் கத்தியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான், அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் கை நேராக இருந்தது. சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில், கடைக்குள்ளே, மருதை கடையின் பெஞ்சில், நடேசன் உட்கார்ந்திருந்தார். "கழுத்துல கத்தி இருக்குது, கொறட்டை விடுறே. ஒனக்கெல்லாம் எங்கருந்துய்யா தூக்கம் வருது?" என்றார். நடேசன் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைக்கிற முகத்தில் நரைமுள் அடர்ந்திருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல், தரையில் கிடந்த முடியைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு ஜோதிக்குப் பரிசம் போடுறம். பெரம்பலூர்ப் பக்கம். பொன்னு கெடைச்சாலும் புதன் கெடைக்காதுன்னு பொண்ணு வீட்ல ஒரே புடியா நின்னுட்டாங்க. இன்னிக்கு மத்தியானமே வேன் கெளம்புது. நேத்தெல்லாம் மண்டியில லோடு, சவரம் பண்ண முடியல. இன்னிக்குப் பாத்தா ஊருக்குள்ள ஒரு கடை தெறக்கல." "வீட்லயே வழிச்சுக்கறதுதானே" என்று வாசலில் யாரோ வாய்விட்டான். நடேசன் வலது கையை முழங்காலில் இருந்து தூக்கிக் காட்டினார். கை காற்றில் வாழையிலை நுனி போல ஆடியது. "இதை வெச்சுக்கிட்டா?" என்றார். கை எப்போதிருந்து நடுங்குகிறதென்று அவர் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கையை மருதை கண்ணாடியில் பார்த்தார். ஆறு வருஷமாக அந்த மனிதனுடைய வாயை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், கையைப் பார்த்ததே இல்லை. "ஜோதிதான் சொன்னான்" என்றார் நடேசன், இன்னும் தரையைப் பார்த்தபடியே, "அவன் கடை தெறந்திருக்கும்பா, போயிட்டு வான்னு." மோகன் நிமிர்ந்தான். "புது பிளேடு போடுறேன் மாமா" என்றான். காகிதத்தோடு ஒரு பிளேடை எடுத்து வளைக்கப் போனான். "இருடா" என்றார் மருதை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நூறு பதிலும் நாக்கின் நுனியில் வந்து வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் கூர் தீட்டின பதில், ஆறு வருஷம் சாணை பிடித்தது. அவற்றைப் பார்த்தார். நடேசனுடைய கையைப் பார்த்தார். பதில்களை அப்படியே எரவாணத்தில் செருகினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஒரு சின்ன வட்டியாவது வாங்காமல் விடுவதா. தாடையைத் தடவிப் பார்த்தார், வழவழவென்று இருந்தது. "எனக்கு இன்னும் எதிர்ச்சவரம் பாக்கி இருக்கு. கீழேருந்து மேலே ஒரு தடவ போடு. முள்ளு குத்துது." "எங்கய்யா குத்துது? மத்தியானம் வேன் போயிரும்யா" என்றார் நடேசன். "போவாது, தரகரே. மாப்ளயோட அப்பன் இல்லாம வேன் எப்படிப் போவும்? நல்லா சாஞ்சு உக்காருங்க. இது நம்ம கடைதான். கலியா, தரகருக்கு ஒரு டீ, சக்கரை தூக்கலா." நடேசன் ஏதோ முணுமுணுத்தார், முணுமுணுத்தபடியே பெஞ்சில் முதுகைச் சாய்த்தார். மகன் மறுபடி நுரை போட்டான். மருதை தலையைப் பின்னுக்குப் போட்டு, கழுத்தை ஊருக்கே தெரியத் தூக்கி வைத்து, கண்ணை மூடினார். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. வேண்டுமென்றேதான் குறட்டை விட்டார்.